நேரில் பார்வையிட்டேன்

செஞ்சி
12.8.1966

அன்புள்ள வெங்கடரமணனுக்கு,

கன்னியப்பன் எழுதுவது. வேர்க்கடலைக்கு வேண்டிய மழை போன வாரம் இறங்கிவிட்டது. ஊர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு தெரிகிறது. திண்டிவனத்தில் உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

வீட்டு அடமானச் சங்கத்துக்கு நீதான் இப்போது மதிப்பீட்டாளர் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பாதிக் கவலை விட்டது. பாண்டிச்சேரியில் முன்பு நான் அச்சுக் கோத்த அச்சகத்தில், காலால் மிதித்து அச்சடிக்கும் பழைய டிரெடில் மிஷின் ஒன்று விலைக்கு வருகிறது. வீட்டை அடமானம் வைத்தால்தான் அதை வாங்க முடியும். பொங்கல் கழிந்தால் தேர்தல். நோட்டீஸ் அடிக்கக் கட்சிக்காரர்கள் அலைவார்கள். கார்த்திகை வரை எனக்காக மிஷினை நிறுத்தி வைப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

உன் மேல் ஒரு குறை. நீ வீடு பார்க்க வந்த அன்று நான் அனந்தபுரம் போயிருந்தேன். வீட்டுக்காரி மீனம்பாள் காப்பியோடு வெளியே வந்தபோது, பியூனை விட்டு மதில் ஓரமாக டேப் பிடித்துவிட்டு நீ ஜீப்பில் ஏறிவிட்டாயாம். "உன் சிநேகிதருக்கு இன்னா அவசரமோ, உள்ள கூட வரல" என்கிறாள். அடுத்த தடவை இப்படி ஓடினால் விடமாட்டேன்.

உன் பிரியமுள்ள,
கன்னியப்பன்

*

திண்டிவனம்
20.8.1966

அன்புள்ள கன்னியப்பா,

கடிதம் கிடைத்தது. நம்முடன் படித்தவர்களில் நீயும் சொந்த வீடு கட்டியிருக்கிறாய் என்பது எனக்குப் பெருமை. எங்கள் கடைத்தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். "பரவாயில்லையே!" என்றார்கள்.

அறிக்கை அனுப்பியாயிற்று. தொகையை உன்னிடம் சொல்ல விதி இடம் தராது. நண்பனாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கெல்லாம் மிஷின், முதலாளி என்ற ஆசை எதற்கு? இப்போது இருக்கும் அச்சாபீஸில் மாதச் சம்பளம் வருகிறது. கடனில் மாட்டி, கட்டிய வீடும் போனால் நாலு பேர் சிரிப்பார்கள்.

காப்பிக்காகத் தங்கச்சியிடம் வருத்தம் சொல். அன்றைக்கு இன்னும் மூன்று இடம் பார்க்க வேண்டியிருந்தது.

அன்புடன்,
வெங்கடரமணன்

*

செஞ்சி
15.9.1966

அன்புள்ள வெங்கடரமணனுக்கு,

சங்கத்தில் உன் அறிக்கையைப் படிக்கக் கொடுத்தார்கள். அச்சாபீஸில் பிழை திருத்திப் பழகியவன் என்பதால் மூன்று முறை படித்தேன்.

என் வீடு மூவாயிரத்து இருநூறு ரூபாய் பெறும் என்று எழுதியிருக்கிறாய். பக்கத்து வீடு கலியபெருமாளுடையது. ஒரே கொத்தனார், ஒரே சூளைச் செங்கல், ஒரே நீளம், ஒரே அகலம். போன வருஷம் அதே சங்கத்துக்கு நீ அதை எட்டாயிரத்து ஐந்நூறு என்று மதித்தாய். கலியபெருமாளே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். நடுவில் ஒரே ஒரு சுவர்தான் இருக்கிறது, வெங்கடரமணா. அந்தச் சுவருக்கு அத்தனை விலையா?

காரணமும் நீயே எழுதியிருக்கிறாய்: 'உரிமையாளர் ஹரிஜன வகுப்பினர் ஆதலால், ஏலத்துக்கு வந்தால் வாங்க எவரும் முன்வரார்.' வீட்டில் மூன்று அறை என்றும் எழுதியிருக்கிறாய். இருப்பது நாலு. நாலாவது அறையைத் தெருவிலிருந்து பார்க்க முடியாது. கடைசியில் 'உட்புறம் முழுவதும் நேரில் பார்வையிட்டேன்' என்று சான்று கொடுத்து முத்திரையும் குத்தியிருக்கிறாய்.

இதில் எது எழுத்துப் பிழை, எது உன் மனசு என்று நீயே சொல்லிவிடு.

கன்னியப்பன்

*

திண்டிவனம்
22.9.1966

கன்னியப்பா,

உன் கிண்டலெல்லாம் அச்சாபீஸோடு இருக்கட்டும். மதிப்பீடு என்றால் என்னவென்று தெரியாமல் பேசுகிறாய். செங்கல்லை எண்ணுவது என் வேலையில்லை. நாளைக்கு நீ கடனைக் கட்டாவிட்டால் சங்கம் வீட்டை ஏலம் போடும். அன்று என்ன விலைக்குப் போகும் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும். நீ குடியிருந்த வீட்டை யார் வாங்குவார்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல். ஊர் அப்படி இருந்தால் அது என் குற்றமா? கூட்டி எழுதி, ஏலத்தில் போகாவிட்டால் நஷ்டத்துக்கு என் மேல்தான் கேஸ் போடுவார்கள். உனக்காக நான் கோர்ட்டுப் படி ஏற வேண்டுமா?

அறை மூன்றோ நாலோ, என்ன குடி முழுகிவிடும்? எல்லா மதிப்பீட்டாளரும் எழுதும் வாசகம் அது.

இன்னொன்று. இந்தத் தொகையே அதிகம் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். நான்தான் பேசிச் சமாளித்தேன். நன்றி கிடைக்கும் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

வெங்கடரமணன்

*

செஞ்சி
3.10.1966

வெங்கடரமணனுக்கு,

'நீ குடியிருந்த வீட்டை யார் வாங்குவார்கள்' என்று கேட்டிருந்தாய். கலியபெருமாளிடமே கேட்டேன். "நீ குடு, நாளைக்கே ஆறாயிரம் தர்றேன். நடுச் சுவர இடிச்சிட்டு ஒரே வீடா ஆக்கிக்குவேன்" என்றார். அதை எழுதியும் கொடுத்தார். ஊர் அப்படி, ஊர் இப்படி என்கிறாயே, எந்த ஊரைக் கேட்டாய்? ஜீப்பில் போகும்போது உன் மனசை மட்டும் கேட்டிருக்கிறாய். அதற்கு 'ஏல விலை' என்று பெயரும் வைத்துவிட்டாய்.

பள்ளிக்கூட நாளில் ராஜகிரிக் கோட்டை ஏறும்போது என் கையிலிருந்து சீத்தாப்பழத்தைப் பிடுங்கித் தின்றவன் நீ. அப்போது உனக்குப் பசி இருந்தது, பதவி இல்லை. இப்போது வயிறு நிரம்பிவிட்டது. நிரம்பியவன் தெருவோடு நிற்கலாம், நான் வருத்தப்படவில்லை. தெருவில் நின்றுகொண்டு உள்ளே வந்தேன் என்று எழுதுகிறாயே, அந்தக் கோழைத்தனத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுமதிப்பீடு கேட்டுக் கடலூர் கூட்டுறவு அதிகாரிக்கு மனு அனுப்பிவிட்டேன். உன் இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கன்னியப்பன்

*

திண்டிவனம்
29.10.1966

அன்புள்ள கன்னியப்பனுக்கு,

விசாரணை நோட்டீஸ் வந்துவிட்டது. பொய்ச் சான்று என்று தீர்ந்தால் மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். அத்தோடு நிற்காது. தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் கேஸ் போடவும் வழி இருக்கிறது என்று வக்கீல் பயமுறுத்துகிறார். வீட்டில் ஆதிலட்சுமி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், மறந்துவிடு. புது அறிக்கை தயாராக இருக்கிறது. ஒன்பதாயிரம் போட்டிருக்கிறேன், கலியபெருமாளை விட அதிகம். பழைய தேதியே போட்டுக் கொடுத்துவிடலாம். ஆபீசில் ஆள் இருக்கிறார். நீ மனுவை வாபஸ் வாங்கினால் போதும்.

அதுவும் முடியாதென்றால் ஒரே ஒரு உதவி செய். அதிகாரி கேட்டால், நான் உள்ளே வந்தேன் என்று மட்டும் சொல். ஒரு வார்த்தை. உனக்கு அதில் என்ன நஷ்டம்? உங்களுக்குச் சலுகை, சட்டம் எல்லாம் இருக்கிறது. எனக்கு இந்த முத்திரை ஒன்றுதான்.

உன் பழைய நண்பன்,
வெங்கடரமணன்

*

செஞ்சி
5.12.1966

மதிப்பீட்டாளராக இருந்த திரு. வெங்கடரமணன் அவர்களுக்கு,

சங்கத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. உங்களுக்கும் நகல் வந்திருக்கும். என் வீட்டுக்கு எட்டாயிரத்து இருநூறு. மிஷின் கை நழுவிவிட்டது. முதலாளி சொன்ன கெடு தாண்டியதும், கார்த்திகை பாதியில் விழுப்புரத்துக்காரர் ஒருவர் ரொக்கம் கொடுத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தேர்தல் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் அடிபடும். வேறு மிஷின் தேடிக்கொண்டிருக்கிறேன்.

விசாரணை அன்று நடந்ததை நீங்கள் கடைத்தெருவில் வேறு மாதிரி சொல்லி வருவதாகக் காதில் விழுந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு என் வீட்டுக்குள் போனார். நீங்களும் பின்னாலேயே வந்தீர்கள். நாலு அறையையும் சுற்றினீர்கள். சமையல்கட்டில் தலையை நீட்டி, "தங்கச்சி, வீடு லட்சணமா இருக்குதே" என்றீர்கள். மீனம்பாள் கொடுத்த காப்பியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தீர்கள். வேலை போகுமென்றால் தீட்டும் போய்விடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் அதிகாரி என்னைக் கேட்டார்: "அறிக்கை எழுதறதுக்கு முன்னாடி இவர் உள்ள வந்து பார்த்தாரா?"

நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்கு ஒரு நிமிஷம் என் வாய் தடுமாறியது நிஜம். உங்களுக்காக அல்ல. பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையனுக்காக.

"அன்னைக்கு நான் ஊர்ல இல்ல சார். என் வீட்டுக்காரிதான் இருந்தா" என்றேன்.

மீனம்பாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னைக்குத்தான் சார் மொதல் தடவை வர்றாரு."

"சும்மா விளையாட்டுக்குச் சொல்லுது சார், எங்களுக்குள்ள அப்படித்தான்" என்று சிரித்தீர்கள். அதிகாரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். நடந்தது இவ்வளவுதான். நான் காசு கொடுத்து அதிகாரியை வளைத்ததாகச் சொல்வதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

தீண்டாமைச் சட்டத்தில் வழக்குப் போடச் சொல்லி என்னிடமும் ஒரு வக்கீல் வந்தார். வேண்டாம் என்றேன். இரக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்காக இன்னும் இரண்டு வருஷம் கடலூர் கோர்ட்டுக்கு பஸ் ஏறும் அளவுக்கு நீங்கள் எனக்கு முக்கியமில்லை.

இனி நீங்கள் எழுதினால் பதில் வராது. ஆனால் நேரில் அப்படி இருக்க எனக்கு வராது. சந்தையிலோ பஸ் ஸ்டாண்டிலோ நீங்கள் எதிரே வந்து "கன்னியப்பா" என்று கூப்பிட்டால் வாய் தானாக "இன்னாடா" என்று சொல்லிவிடும். சின்ன வயசுப் பழக்கம். ஆகவே என்னைக் கண்டால் நீங்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டும். உங்களுக்கு அதில் சிரமம் இருக்காது.

இப்படிக்கு,
கன்னியப்பன்