பதின்மூன்று அங்குலம்

புரட்டாசி 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். வரைபடப் பயிற்சி மனு அலமாரியில். அப்பா கையெழுத்துதான் பாக்கி. கடைசி நாள் வெள்ளி.

நம் ஜவுளிக்கடை மொட்டைமாடியிலிருந்து பக்கத்துக் காலிமனைக் கம்பம் வரை சாய்வாகத் தீபாவளி பேனர். ஒரே துணி, ஒட்டுப் போட்டால் அபசகுனமாம். எத்தனை அடி வெட்டுவது என்று கூச்சல். நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றேன்.

“சரியா வந்துட்டா கையெழுத்துப் போடுதேன். வரலன்னா கல்யாணப் பேச்சுக்குத் தலையாட்டணும். சம்மதமா?” என்றார் அப்பா.

சம்மதம் என்றுவிட்டேன். திமிர்தான்.

செவ்வாய்

கோணமானியில் நூல், நூல்நுனியில் சாவி. கம்பத்துக் கொக்கி என் கண் உயரம். அங்கே நின்று மாடியைப் பார்த்தேன்: 53 டிகிரி. சுவர் வரை தரையை அளந்தது சித்தப்பா, துணி அளக்கும் கஜக்கோலால். 8 கஜம், அதாவது 24 அடி. கொசைன் 53 = 0.6. 24 ÷ 0.6 = 40 அடி. மூன்று முறை போட்டாச்சு. துணியை நானே வெட்டினேன், இரும்பு டேப் வைத்து.

புதன்

மாடியிலிருந்து பெயின்டர் ஏழுமலை: “இன்னாம்மா, துணி பத்தல! ஒரு அடிக்கு மேல கொறையுது!”

13 அங்குலம். கடை முழுக்கச் சிரிப்பு. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. அழுதேன். முகம் கழுவி மறுபடி போட்டேன். நாற்பதேதான்! விடமாட்டேன்.

வியாழன்

தரையை டேப்பால் அளந்தேன். 24 அடி 8 அங்குலம்! எட்டு அங்குலம் எங்கிருந்து முளைத்தது?

கடையில் சித்தப்பா ஒரு மாமிக்குத் துணி அளந்துகொண்டிருந்தார். கோல் முடியும் இடத்தில் கட்டைவிரல். விரலுக்கு அப்பாலிருந்து அடுத்த கஜம். கஜத்துக்கு ஒரு விரல் இனாம், இருபது வருடப் பழக்கம்.

“இங்கதான் அளவு தாராளம்னு மயிலாப்பூர்லேர்ந்து வந்துண்டிருக்கேன்” என்றாள் மாமி.

மகராசன், தரைக்கும் இனாம் கொடுத்திருக்கிறார்! எட்டுக் கஜம், எட்டு விரல், எட்டு அங்குலம்.

அப்பாவிடம் சொன்னால் எல்லோர் முன்னாலும் சித்தப்பாவைத் திட்டுவார். மனசு வரவில்லை. யோசித்தேன். கோணம் மாறவில்லை. தரை எந்த விகிதத்தில் நீண்டதோ அதே விகிதத்தில் சாய்வும் நீளும். அப்படியானால் துணியையும் அவரே அளக்கட்டுமே!

“சித்தப்பா, 13 கஜம் ஒரு அடி. நீங்களே வெட்டிக் கொடுங்க.”

“இத முதல்லயே கேட்டிருக்கலாம்லா, பிள்ள.”

வெள்ளி

தூறல். ஏழுமலை: “கரீட்டா குந்திக்கிச்சும்மா!”

அப்பா அண்ணாந்து பார்த்தார். “அதே நாப்பது அடிதானே? முந்தாநாள் எப்படிக் குறைஞ்சுது?”

“அன்னிக்கு வெட்டினது நான்.”

சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

“கணக்கு சரிதான். உனக்குக் கத்தரி பிடிக்கத்தான் தெரியல” என்று சொல்லிக்கொண்டே அப்பா கையெழுத்துப் போட்டார்.

எனக்குக் கத்தரி பிடிக்க நன்றாகத் தெரியும். நாலு மணிக்குள் மனுவை அடையாறில் கொடுக்க வேண்டும். பஸ் வந்தாச்சு.