ஆளில்லாமல் எடுக்க முடியாத கோட்டை

என்னோடு இருபது வருடம் சண்டை பிடித்தும் களைக்காத வசந்தாவுக்கு,

இன்று மார்ச் மாதம் ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை. எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் முடிந்துவிட்டன. நீர் போய் ஐந்தாவது மாதம் நடக்கிறது.

உம்முடைய மகள் மீரா வருகிற சனிக்கிழமை ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில் உம்முடைய படங்களைக் கண்காட்சியாக வைக்கிறாள். அதற்கான நினைவு மலரில் எனக்கு இரண்டு பக்கம் தந்திருக்கிறாள். மலர்ந்த முகம், இளகிய மனம் என்றெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உமக்கு இளகிய மனம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆகவே இந்த இரண்டு பக்கத்தையும், உமக்கு நான் கொடுத்த ஒரு சொல் என்ன ஆனது என்று உமக்கே அறிவிக்கப் பயன்படுத்துகிறேன். மற்றவர்கள் ஒட்டுக்கேட்டால் கேட்கட்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு நீர் என் கையைப் பிடித்தது தேறுதலுக்காக அல்ல, வேலை வாங்குவதற்காக. “அக்கா, ஜெய்சல்மேர் கோட்டை ஒண்ணுதான் பாக்கி. எனக்குப் பதிலா நீங்க போய் எடுத்துட்டு வாங்க. ஆள் இல்லாம எடுங்க. அதுதான் முக்கியம்.”

“ஓம், எடுக்கிறன்.”

“ஓம்னு சொல்லிட்டு உங்க இஷ்டத்துக்குத்தான் பண்ணுவீங்க.”

“சாகக் கிடக்கிற ஆளோட நான் சண்டை பிடிக்கிறேல்லை. பேசாமல் இரும்.”

நீர் சிரித்தீர். அதன் பிறகு நாம் பேசியது குறைவு.

உம்மை அறியாமல் மண்டபத்துக்குள் வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீர் மதுரையிலிருந்து வந்து, இந்த லண்டன் நகரத்தில் பழைய கட்டிடங்களைப் பழுதுபார்த்த கட்டிடக் கலைஞர். ஓய்வு நாட்களில் கமராவும் கையுமாக அலைந்தீர். உம்முடைய படங்களில் ஒரு மனிதத் தலையையும் காண முடியாது. யாராவது குறுக்கே வந்தால் போகும்வரை காத்து நிற்பீர். போகாவிட்டால் போகச் சொல்வீர். “மனுஷங்க வந்துட்டா கட்டிடம் வெறும் பின்னணி ஆயிடும் அக்கா” என்பது உம்முடைய வாதம்.

அந்தக் கோட்டைக்குள் இன்னும் சனம் குடியிருப்பதும் உமக்குப் பிடிக்காது. வீடுகளின் தண்ணீர் கசிந்து குன்றின் அடியை அரிக்கிறது, எல்லாரையும் கீழே இறக்கினால்தான் கோட்டை பிழைக்கும் என்பீர். புவியியல் படித்தவள் என்ற முறையில் நான் முதற் பாதியை ஒப்புக்கொள்வேன். இரண்டாம் பாதியில் சண்டை தொடங்கும். அதை முடித்து வைக்காமலே போய்விட்டீரே, அது என்ன நியாயம்?

தை மாதக் கடைசியில் புறப்பட்டேன். பாலைவனத்துக்குப் போகிறேன் என்றதும் நான் குடியிருக்கும் மிச்சம் பகுதிக் கடைக்காரர், “அன்ரி, அங்கை என்ன மலிவு?” என்று கேட்டார். “மணல்” என்றேன்.

கோட்டை தூரத்திலிருந்து அழகு. அதில் நமக்குள் தகராறு இல்லை. வெட்டையான தரையில் ஒரு மஞ்சள் குன்று, அந்தக் குன்றே எழுந்து மதிலானது போன்ற மஞ்சள் கல். வாயில்களைத் தாண்டி ஏறும் பாதையில் கற்கள் தேய்ந்து வழுக்கின. என் முழங்கால்கள் உம்மைத் திட்டின.

உள்ளே போனபோது கண்டது கோட்டையை அல்ல, ஓர் ஊரை. மாடு, ஸ்கூட்டர், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டை. வாசல் சுவரில் பிள்ளையாரை வரைந்து, அந்த வீட்டில் நடக்கும் கல்யாணத்தின் திகதியையும் மணமக்களின் பெயரையும் எழுதிவிடுகிறார்கள். சுவர்தான் அழைப்பிதழ், தெருவால் போகிறவர்கள் எல்லாருக்கும் அழைப்பு. நீராக இருந்தால் பிள்ளையாரை மட்டும் எடுத்து, பெயர்களை வெட்டியிருப்பீர்.

நான் தங்கியது புஷ்பா என்ற பெண்ணின் வீட்டில். மாடியில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விட்டுப் பிழைக்கிறவர். அவரிடம் ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது, என்னிடம் பொறுமை கொஞ்சம் இருந்தது. அவர் சொன்னதை எங்கள் ஊர்த் தமிழில்தான் எழுதுகிறேன், திருத்த வராதேயும்.

ஒரு விடியற்காலையில் அவருடைய வாசலுக்கு முன்னால் ஓடும் குறுகிய ஒழுங்கையில் கமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு நின்றேன். வெயில் மேல்மாடத்துக் கற்சன்னல்களில் மட்டும் பட்டிருந்தது. ஒருவரும் இல்லை. ஒரே ஒரு படம் எடுத்தேன். நீர் கேட்ட அதே படம். இரண்டாவதை எடுப்பதற்குள் புஷ்பா வாளியோடு வெளியே வந்து வாசலைக் கழுவத் தொடங்கினார். நான் உம்மைப் போலவே காத்து நின்றேன்.

“ஆரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள், அம்மா?”

“ஆக்கள் போகட்டும் எண்டு நிக்கிறன்.”

“எங்க போறது? வீடு இஞ்சதானே கிடக்கு.”

அவர் விடவில்லை. “ஆளில்லாத இடம் வேணுமெண்டால் பாலைவனத்துக்குள்ள ஒரு ஊர் கிடக்கு. சனம் விட்டிட்டுப் போய்க் கனகாலம். பேய் மட்டும்தான் இருக்காம். அது படத்தில விழாது, உங்களுக்கு வசதி.”

தண்ணீர் கசிவதைப் பற்றி உம்முடைய சார்பில் நான் கேட்டேன். கேட்காமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

“கசியிறது உண்மைதான்” என்றார். “எங்கட பின்சுவர் வெடிச்சுப் போய்க் கிடக்கு. மகனும் கீழ புது வீட்டுக்குப் போவம் எண்டு நிக்கிறான். ஆனால் குழாய் ஒழுகினால் குழாயைத் திருத்த வேணும். ஆளையே கழட்டி எறியிறது?”

நான் கமராவை அவர் பக்கம் திருப்பினேன்.

“என்னையோ? பொறுங்கோ, முகம் கழுவிப்போட்டு வாறன்.”

“வேண்டாம். நீங்கள் வாசலைக் கழுவுங்கோ.”

அந்தப் படத்தில் வாளி இருக்கிறது. ஈரக் கல் இருக்கிறது. என்னைப் பார்த்துப் பாதி முறைத்து, பாதி சிரிக்கிற புஷ்பா இருக்கிறார். அவருக்குப் பின்னால் வெடித்த சுவரும் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை, வசந்தா. நீர் சொன்னது பொய்யல்ல. அன்றிலிருந்து எடுத்த எல்லாப் படங்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் திரும்பி வந்ததும் மீரா படங்களைப் பார்த்தாள். “பெரியம்மா, படம் எல்லாம் சூப்பர். ஆனா எல்லாத்துலயும் ஆள் இருக்காங்களே! அம்மாகிட்ட ப்ராமிஸ் பண்ணீங்கதானே?”

“பண்ணினனான்.”

“ஆள் இல்லாம ஒண்ணுகூட இல்லையா?”

அந்த முதற் படத்தைக் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். “இது அப்படியே அம்மா எடுத்த மாதிரி இருக்கு” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து தேநீருக்குக் கேத்தலைப் போட்டேன்.

நடுச்சுவரில் அதைத்தான் தொங்கவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. செத்தவருக்குக் கொடுத்த சொல்; உயிரோடிருக்கும் பிள்ளையின் கண்ணீர். இரண்டுக்கும் எதிராக ஒரு வாளியையும் ஒரு பெண்ணையும் நிறுத்த எனக்கு என்ன உரிமை? ஒரு கிழமை யோசித்தேன். பிறகு மீராவிடம், புஷ்பாதான் நடுச்சுவருக்குப் போக வேண்டும் என்றேன். காரணம் கேட்டாள். மலரில் எழுதுகிறேன் என்றேன்.

அந்தச் சுவரில் புஷ்பாவுக்குப் பக்கத்தில் வரப்போவது உம்முடைய மிகப் பெயர்பெற்ற படம். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில், போர்க்காலத்தில் சனத்தை எழுப்பிவிட்டுப் பிடித்த காணிகளை இராணுவம் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிய காலத்தில் நாம் இருவரும் போனபோது நீர் எடுத்தது. கூரையில்லாத வீடு, நிலையில்லாத வாசல், அறைக்குள்ளே வளர்ந்து நிற்கும் வேம்பு. ‘யாருமற்ற வீடு’ என்று பெயர் வைத்தீர். உம்முடைய வரவேற்பறையில் சோபாவுக்கு எதிரே தொங்கிய படம்.

அன்று அந்த ஒழுங்கையில் நாம் வந்த வாடகை வானை நிறுத்தச் சொன்னது நான். பற்றைகளை விலக்கிக்கொண்டு வாசற்படி வரைக்கும் போனேன். உமக்கு ஒன்றைச் சொல்வதற்காகத் திரும்பினேன். நீர் முந்திக்கொண்டீர். “அக்கா, என்ன வெளிச்சம் பாருங்க! கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃப்ரேம்ல விழுறீங்க.”

தள்ளி நின்றேன்.

வானுக்குத் திரும்பும்போது, “யார் வீடுக்கா அது?” என்று கேட்டீர். “ஆருக்குத் தெரியும்” என்றேன்.

அது எங்களுடைய வீடு, வசந்தா. வேம்பு நிற்கிற அந்த அறையில்தான் நான் பிறந்தேன்.

நீர் கேட்டபடி செய்யவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு சொல் தருகிறேன், இதைக் காப்பாற்றுவேன். உம்முடைய படத்தின் பெயரை ஒருவரும் மாற்ற விடமாட்டேன். அது நீர் வைத்த பெயர். ஆனால் சனிக்கிழமை மண்டபம் திறந்து மூடும்வரை அதன் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். யாருடைய வீடு என்று கேட்கிறவர்களுக்கு இந்த முறை சரியான பதில் கிடைக்கும்.

இத்தனை வருடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர். இடம்பெயர்ந்தபோது நாங்கள் படங்களை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. அந்த வீட்டுக்கு உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே படம் உம்முடையதுதான். நான் சொல்லியிருந்தால் நீர் அழுது, மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கே அதைச் சுவரிலிருந்து கழற்றியிருப்பீர். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ்ஸும் இரண்டு ரயிலும் மாறி நான் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தது உம்முடைய தேநீருக்காக என்றா நினைத்தீர்? நீர் அதைக் கழற்றியிருந்தால், என் வீட்டைப் பார்க்க நான் வேறு எங்கே போவது?

இப்படிக்கு,
கூடப் பிறக்காமலே உமக்கு மூத்தவளான
பவானி அக்கா
மிச்சம், லண்டன்