மார்கழிக்கு முன் ஆபரேஷன்

வியாழன், டிச. 11

எழுந்ததும் முதல் வேலை, பாப்பாவுக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கொதிநீரில் போட்டது. தூறல். சித்தூரில் மூன்று நாளாகத் துணி காயவில்லை.

திங்கட்கிழமை திருப்பதியில் பாப்பாவுக்கு உதட்டுப் பிளவு ஆபரேஷன். எடை ஐந்து கிலோ இருநூறு. போதும் என்றார்கள். ஐந்து மாதமாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றிய எடை.

எடுத்து வைக்க: பழைய ரிப்போர்ட்டுகள், ஆதார் ஜெராக்ஸ், பாலாடை 2, முன்பக்கம் திறக்கும் சட்டை 4. தையலைப் பிய்த்துவிடாமலிருக்க முழங்கைக்கு அட்டை உறை. காலண்டர் அட்டையை வெட்டித் தைத்தேன். மாட்டிப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு. ஈறு தெரிய, மூக்கு வரை சிரிப்பு.

டாக்டர் போனில் சொன்னது ஒன்றுதான். சளி பிடிக்கக் கூடாது. மயக்கத்தில் மூச்சு அடைக்கும்.

சனி, டிச. 13

திருமலை. கத்தி படுவதற்கு முன் பாப்பாவின் முடியைக் கொடுத்துவிட வேண்டுமென்று அத்தையின், அவளுடைய அப்பாவைப் பெற்றவரின், வேண்டுதல். "டாக்டரு தைப்பாரு மா. உசுரக் காக்கறவரு மல மேல கீறாரு." வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். எனக்கும் பயம்.

பஸ்ஸில் பக்கத்து அம்மாள், பாப்பாவுக்கு என்னவென்று தெலுங்கில், "பாப்பகி ஏமைந்தம்மா?" வழக்கம்போல் அவள் முகத்தில் துணி போட்டிருந்தேன். கொசு என்றேன். ஓடுகிற பஸ்ஸில் கொசு.

மொட்டைக்கு மடியில் பிடித்துக்கொண்டவள் நான்தான். ஈரத்தலை, சந்தனம், மலைக்காற்று. மலையிறங்கும்போது பாப்பாவுக்கு ஒரு தும்மல். அடுத்த வளைவில் இன்னொன்று.

ஞாயிறு, டிச. 14

ஆஸ்பத்திரி. கட்டில் 7. ஜன்னலில் மலை இல்லை, மேகம்தான். நாளை விடியற்காலை நான்கு மணிக்குப் பிறகு பால் கூடாது.

பாப்பாவின் நெஞ்சில் காது வைத்தேன். கர்... கர்... அவள் அப்பாவிடம் சொன்னேன். "மறுபடி லீவு குடுக்க மாட்டாங்க. மூக்கத் தொடச்சி வெச்சிக்கோ." சிரித்தார்.

அத்தைக்குக் கேட்டுவிட்டது. "இன்னா மா, ரெண்டு தும்மலு போட்டா சளியா? காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? செவ்வாக்கெழம மார்கழி பொறக்குது. அப்பறம் தை வரிக்கும் கொயந்தமேல கத்தி வெக்கலாமா? வாய மூடிக்கினு இரு."

மதியம் மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். "சளி, இருமல் ஏதாவது?" அத்தை முந்திக்கொண்டு, இல்லவே இல்லையென்று தலையாட்டி, "லேதம்மா, லேது." நான் அட்டை உறையின் நாடாவைச் சரிசெய்தேன். பாப்பா வீறிட்ட வீறலில் நெஞ்சில் குழாய் வைத்தும் சரியாகக் கேட்கவில்லை போலும். காலையில் மறுபடி பார்க்கிறேன் என்று போய்விட்டார். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். என் பெயரே கோணலாக.

ஏன் பேசவில்லை? மார்கழிக்காக இல்லை. அவருடைய லீவுக்காகவும் இல்லை. ஆபரேஷன் தள்ளிப்போனால் இன்னும் ஒரு மாதம் அவள் முகத்தில் அந்தத் துணியைப் போட வேண்டுமே என்று. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

பக்கத்துக் கட்டில் பெண் என்னைக் காட்டித் தன் ஆளிடம் மெதுவாக, "நாப்பத்திரெண்டு வயசாம். பதினாலு வருசம் கயிச்சி ஒண்ணே ஒண்ணாம்."

ஒண்ணே ஒண்ணு.

தூங்குகிறாள். மொட்டைத் தலையில் சந்தனம் உதிர்கிறது. மூச்சை எண்ணினேன். நடுவில் ஒன்று தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

அவர் காபி வாங்கப் போயிருக்கிறார். அத்தை குளிக்க. நர்ஸ் மேசை பத்தடி தூரம். சளி என்றால் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும்.

முகத்துணியை மடித்துப் பையின் அடியில் வைத்துவிட்டேன். குளியலறையில் இன்னும் தண்ணீர்ச் சத்தம். அது நிற்பதற்குள் போய்ச் சொல்லிவிடப் போகிறேன்.