பதினான்காம் குழாய்

1998 ஜூன் 9, செவ்வாய்

தவளைத் தொட்டி நான்கிலும் தண்ணீர் மாற்றினேன். மூன்றாம் தொட்டியில் தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால் வந்துவிட்டது. இனி வால் சுருங்கும், ரத்தமும் மாறும். வாலோடு இருக்கும்போது ஒரு ரத்தம், தவளையானதும் வேறு ரத்தம். அந்தப் புது ரத்தத்தை உடம்பு ஏன் எதிரி என்று அடிப்பதில்லை? எந்த மரபணு அதை அடக்கி வைக்கிறது? இதுதான் அனந்தலக்ஷ்மி மேடத்தின் ஆராய்ச்சி. என் தங்கை சோனியாவின் உடம்புக்கு அந்த அடக்கம் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண், அவளுடைய சிவப்பணுக்களை அவள் உடம்பே உடைத்துத் தள்ளுகிறது.

மேடத்தின் ஆராய்ச்சியில் இருக்கும் பதினெட்டு நோயாளிகளில் அவளும் ஒருத்தி. பெயர் கிடையாது, எண் 14. திங்கள்தோறும் எல்லோரும் இங்கே வருவார்கள். நான் ரத்தம் எடுத்து, குழாயில் எண் எழுதி ஒட்டுவேன். கூட வேலை செய்யும் உமேஷ் ஹீமோகுளோபின் அளவு பார்த்து நோட்டில் எழுதுவான்.

பார்த்துத்தான் எழுதுகிறானா? நேற்றிலிருந்து இதே யோசனை.

ஜூன் 15, திங்கள்

பத்து மணி டீக்குள் பதினெட்டுக் குழாயும் முடிந்ததாம்! ஒவ்வொன்றிலும் மருந்து கலக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், கலரிமீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். நானும் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தவள்தான், எனக்கே காது குத்துகிறான்.

அவன் கை கழுவப் போனபோது நோட்டை எட்டிப் பார்த்தேன். 14-க்கு நேரே மூன்று வாரமாக 7.4, 7.4, 7.4. மனித ரத்தமா, பஸ் டிக்கெட்டா? வீட்டில் மாடிப்படி ஏறினால் சோனியாவுக்கு மூச்சு வாங்குகிறது. உதடு வெளுத்துக் கிடக்கிறது. இவன் அடுகோடியில் தன் வீட்டில் உட்கார்ந்தே எழுதிக்கொண்டு வந்துவிடுவான் போல.

ஜூன் 18, வியாழன்

நேராகவே கேட்டேன், "உமேஷ், பதினாலு இந்த வாரம் எவ்வளவு?"

"எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. சும்னே டென்ஷன் ஆகாதீங்க" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு, நோட்டை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினான். ஆறு வருஷமாகத் திறந்து கிடந்த டிராயர் அது. என்னைக் கண்டதும் பூட்டு!

ஜூன் 23, செவ்வாய்

போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் உள்ளே வந்ததைப் பார்க்கவில்லை. "பதினாலுதானே சார்... சரி சார். அவங்களுக்குச் சொல்லல சார்."

யார் அந்த சார்? எதைச் சொல்லவில்லை? என் தங்கையை வைத்து இங்கே என்னதான் நடக்கிறது? அவள் குணமானால் இவர்களுக்கு ஆராய்ச்சி ஏது — அப்படியும் தோன்றுகிறது. அம்மாவிடம் சொன்னேன். "உனக்கு பாக்கெட் பால்ல கூட சந்தேகம்டி" என்று எழுந்து போய்விட்டாள். மேடத்திடம் போகலாம். ஆனால் அவரும் கூட்டாக இருந்தால்?

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

ஜூன் 29, திங்கள்

செய்துவிட்டேன்.

சோனியாவிடம் எடுத்த ரத்தத்தைத் தவளை அறையில் கை கழுவும் தொட்டியில் கொட்டினேன். என் கையிலிருந்து எடுத்ததைக் குழாயில் விட்டு, 14 என்று ஒட்டினேன். எனக்கு எப்போதும் பன்னிரண்டுக்கு மேல்தான். பார்க்காமல் எழுதுகிறவன் வழக்கம்போல 7.4 என்றுதானே எழுதுவான். அப்போது வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை.

மாலை. அவன் வெளியே போனதும் பேனா ஸ்டாண்டிலிருந்து சாவியை எடுத்து டிராயரைத் திறந்தேன். 14 — 12.6. பக்கத்தில் சின்ன எழுத்தில், "நம்ப முடியவில்லை, திரும்பவும் பார்த்தேன், 12.6."

இரண்டு முறை பார்த்திருக்கிறான். சீ, என்ன பிறவி நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கூடவே ஒரு நிம்மதி, யாரும் ஏமாற்றவில்லை என்று. நோட்டில் அந்த ஒரு வரி தப்பாக இருக்கும். அடுத்த வாரம் உமேஷிடம் எப்படியாவது சொல்லி அடித்துவிடச் சொல்ல வேண்டும்.

ஜூலை 2, வியாழன்

கதவைத் திறந்ததும் சோனியா என் வாயில் மைசூர்பாகைத் திணித்தாள். "அக்கா! டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கிட்டாரு! பன்னெண்டு புள்ளி ஆறாம்! இனி பதினைஞ்சு நாளுக்கு ஒரு தடவை வந்தா போதுமாம்!"

திங்கள் சாயந்திரமே நம் லேபிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஃபாக்ஸ் போய்விடுகிறதாம். டாக்டர் சுந்தரம் அதைப் பார்த்துத்தான் மாத்திரை அளவைக் கூட்டுவதும் குறைப்பதுமாம். நான் அது வெறும் ஆராய்ச்சிக் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

எட்டு மாத்திரை நாலாகிவிட்டது.

ஜூலை 3

சொல்லவில்லை. வேலை போய்விடும். வீட்டில் சம்பளம் என்னுடையது ஒன்றுதான்.

ஜூலை 5, ஞாயிறு

"பழையபடி எட்டே போடு சோனி. டாக்டரும் மனுஷன்தானே, தப்பாச் சொல்லியிருக்கலாம்" என்று இட்லி வைத்துக்கொண்டே சொன்னேன், சாதாரணமாகச் சொல்வதுபோல.

கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாள். "என் மூஞ்சியைப் பாரு, பூசணிக்கா மாதிரி. இதெல்லாம் மாத்திரை பண்ணது. இப்பத்தான் வடியுது. உனக்கு உலகத்துல யார் மேலதான் நம்பிக்கை இருக்கு, டாக்டர் மேல இருக்க?"

நாளைக்காவது ரத்தம் எடுக்கலாம், வா என்றேன். வர மாட்டேன் என்றுவிட்டாள். காரணத்தைச் சொல்லியிருந்தால் வந்திருப்பாள். என் வாய் என்ன, தைத்தா வைத்திருக்கிறது?

ஜூலை 10, வெள்ளி

பாத்ரூம் வாசலில் சோனியா விழுந்து கிடந்தாள். எங்கள் மர்பி டவுனில் அந்த நேரம் ஒரு ஆட்டோ இல்லை. எதிர்வீட்டு முத்தம்மா அக்கா மகன் தோளில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினான். கண்ணில் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. 4.1. ஐயோ, 4.1.

ஜூலை 11, சனி

டாக்டர் சுந்தரம் அம்மாவிடம் காகிதத்தை நீட்டினார். "ரெண்டு வாரத்துல பன்னெண்டுலேர்ந்து நாலுக்கு வந்திருக்கு. மாத்திரைக்கு அடங்காத நோயின்னு தெரியுது. திங்கக்கிழமை மண்ணீரலை எடுத்துடணும். இந்த நிலைமையில ஆபரேஷன் ஆபத்துதான், ஆனா வேற வழியில்ல."

அம்மா பேனாவை வாங்கிவிட்டாள். அவளுக்குக் கையெழுத்துப் போடவே ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைத்தது.

"சார், அந்தப் பன்னெண்டு என்னோடது."

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், உமேஷ், டிராயர், என் கை, குழாய். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டர் திட்டவில்லை. காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வெளிய போய் நில்லும்மா" என்றார். ஆபரேஷன் இல்லை. மாத்திரை மறுபடி எட்டு, கூடவே ஊசி. ரத்தம் ஏற்ற வேண்டும், ஆனால் அவள் ரத்தம் யாருடைய ரத்தத்தையும் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது.

அம்மா என்னைத் தாண்டி சோனியாவின் கட்டிலுக்குப் போய்விட்டாள். அதுதான் சரி.

ஜூலை 13, திங்கள்

ஓரளவு ஒத்துப்போகும் பாட்டில் ஒன்று கிடைத்து, சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. அதைத் தேடி நாலு ரத்த வங்கிக்கு லூனா மொபெட்டில் அலைந்தது உமேஷ்.

வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "நான் திருடன்னு நெனச்சீங்களா அக்கா?"

"ஆமா."

"மேடம்தான் நோட்டைப் பூட்டச் சொன்னாங்க. பதினாலு உங்க தங்கச்சி. நம்பரைப் பார்த்தா மத்தவங்களுக்கு ஊசி போடறப்ப உங்க கை நடுங்கும்னு. டாக்டரும் அதையேதான் போன்ல சொன்னாரு. அந்த ஏழு புள்ளி நாலு மூணு வாரமும் நெஜமாவே வந்ததுதான். திங்கக்கிழமை நான் ஏழு மணிக்கே வந்து மருந்து ஊத்தி வெச்சிடுவேன், அதான் சீக்கிரம் முடியுது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

மன்னித்துவிடு என்றேன். அவன் டீ வாங்கப் போனான். எனக்கும் சேர்த்துத்தான் வாங்கி வந்தான்.

ஜூலை 15

மேடம் என்னை ஆறு மாதத்துக்கு நோயாளிகள் பக்கமே வரக்கூடாது என்று தவளை அறையோடு நிறுத்திவிட்டார். "சந்தேகம்னா என்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கலாமே மித்ரா" என்றார். போட்டிருக்கலாம். வேலையை விட்டு எடுக்கவில்லை, அதுவே பெரிது.

ஜூலை 27, திங்கள்

சோனியா வீட்டுக்கு வந்து மூன்று நாள். 8.1. முகம் மறுபடி ஊதிவிட்டது. அம்மா அவளிடம் சொல்லவே வேண்டாம் என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல். மறைத்தது போதும் என்று நானே சொன்னேன்.

கேட்டுவிட்டு ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உமேஷ் அண்ணன் நல்லவரான்னு தெரிஞ்சுக்க என் உயிர்தான் கெடச்சுதா அக்கா?"

ஆகஸ்ட் 19

மூன்றாம் தொட்டியில் வால் முழுக்கப் போய்விட்டது. எண்பத்திரண்டு குட்டித் தவளைகள். சோனியா என்னோடு பேசி இருபத்து மூன்று நாள் ஆகிறது.

அக்டோபர் 4, ஞாயிறு

"சோறு போடவா?" என்று சோனியா கேட்டாள். போடச் சொன்னேன். அவ்வளவுதான் பேச்சு. சாப்பிடும்போது அழுதேன், அவள் பார்க்காத மாதிரி ரசம் ஊற்றினாள்.

1999 ஜனவரி 18, திங்கள்

ஆறு மாதம் முடிந்தது. ரத்தம் எடுக்கும் மேஜையில் மறுபடி உட்கார்ந்தேன். வரிசையில் பதினான்காவதாக சோனியா. மாத்திரை இரண்டாகக் குறைந்திருக்கிறது, முகம் பழைய முகமாகிவிட்டது. எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நரம்பு ஒரே குத்தில் கிடைத்தது. குழாயில் 14 என்று எழுதி ஒட்டினேன்.

"குழாயைக் கொடு அக்கா" என்று இன்னொரு கையை நீட்டினாள்.

கொடுத்தேன். எண்ணைப் பார்த்தாள். பஞ்சு வைத்திருந்த தன் கையைப் பார்த்தாள், என் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு எழுந்து, அவளே குழாயை எடுத்துக்கொண்டு போய் உமேஷிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

நான் பதினைந்தாம் எண்ணைக் கூப்பிட்டேன்.