இருபத்திரண்டு வண்டில் குழை

நாகதம்பிரான் துணை

கண்டாவளை
3.10.1963

சின்னான், என் குஞ்சு,

நான் இருக்கிறேன். நீ சுகமாய் இருக்க வேண்டும். உன் அண்ணரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நீ றெயில் ஏறிய பிறகு இந்த வீட்டில் கதைக்க ஆள் இல்லை. மாட்டோடு கதைக்கிறேன். அதுகளும் உன் அண்ணரைத் தேடிப் படலையைப் பார்க்குதுகள்.

நீ அனுப்பிய அச்சடித்த தாள் வந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு அதை எழுத்துக்கூட்டி முடிக்க ஒரு பகல் போனது. எத்தனை ஏக்கர், எத்தனை சோடி மாடு, மாட்டுப்பட்டி எத்தனை நாள் அடைத்தது, எருவாக வயலில் மிதித்துத் தாட்ட மரக்குழை எத்தனை வண்டில், குழை வெட்ட எத்தனை ஆள், எத்தனை நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

குழை வெட்டப் போய் வாகை மரத்தால் விழுந்து உன் அண்ணர் செத்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. அதற்குள் குழை எத்தனை வண்டில் என்று கேட்கிறாய். ஏன்?

மனதுக்குள் வைத்துப் பூட்ட எனக்குத் தெரியாது, கேட்டுவிடுகிறேன். அந்தியேட்டிக்கு வந்தபோது நீ என் முகத்தைப் பார்த்து ஒரு சொல் கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையைப் பார்த்துத்தான் கதைத்தாய். அடுத்த நாள் விடிய வயலுக்குப் போய் வரம்பு வரம்பாய் அடி வைத்து எண்ணினாய். பக்கத்துக் காணி இளையதம்பி அண்ணை அதைக் கண்டுவிட்டு என்னட்டை வந்தார்.

"பிள்ளை கமலாசனி, பெடியன் காலாலை காணி அளக்கிறான். இது குடியேற்றக் காணி. அரசாங்கம் குடுத்த பேர்மிற்று செத்தவன்ரை பேரிலை கிடக்கு. உனக்கோ பிள்ளை குட்டி இல்லை. தம்பிக்காரன் போய்க் கேட்டால் காணிக் கந்தோரிலை உத்தியோகத்தர் ஆர் பக்கம் நிப்பினம்? யோசி."

"என்ர கையாலை சோறு தின்டு வளந்தவன், அண்ணை" என்றேன்.

"ஓம், இப்ப வளந்திட்டானெல்லோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் தாய் கண்ணை மூடும்போது உனக்கு ஏழு வயது. நான் உன் அண்ணரைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம். அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. இந்தக் கட்டங்கள் எல்லாம் காணிக்கா, சின்னான்? மெய்யைச் சொன்னால் நிரப்பி அனுப்புகிறேன்.

உன் மச்சாள்
கமலாசனி


விவசாயப் பாடசாலை விடுதி
11.10.1963

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தபின் இன்று வகுப்புக்குப் போகவில்லை. காணிக்கு இல்லை, மச்சாள். அம்மாவாணை இல்லை.

இங்கே எங்களுக்குப் பண்ணை முகாமைத்துவமும் பொருளாதாரமும் படிப்பிக்கிறார்கள். கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு கமத்தை எடுத்து ஆராய்ந்து எழுத வேண்டும். நான் எங்கள் வயலை எடுத்தேன். வயலில் ஒரு பாதிக்குக் குழையும் மாட்டெருவும், மற்றப் பாதிக்குச் சங்கத்தில் விற்கும் சாக்குப் பசளை, அதாவது செயற்கை உரம். மண்ணுக்கு எது நல்லது என்பது ஒரு கேள்வி. கமக்காரனுக்கு எது கட்டுப்படியாகும் என்பது அடுத்த கேள்வி. குழை காட்டில் சும்மா கிடைக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு மனிதர் படும் பாட்டை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடி வைத்து எண்ணியது அந்த இரண்டு பாதியையும் பிரிக்கத்தான். தாளைக் கமம் செய்பவர் தன் கையாலேயே எழுத வேண்டும் என்பது மாஸ்டரின் கட்டளை. அண்ணை இல்லாதபடியால் உங்களைக் கேட்கிறேன். உங்களைக் கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு
யோகலிங்கம்


கண்டாவளை
27.10.1963

சின்னானுக்கு,

தாளை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். குழை பன்னிரண்டு வண்டில். வேலை செய்தது உன் அண்ணரும் நானும். வேறு ஆள் பிடிக்கவில்லை.

விதைப்பு முடிந்தது. நான் வரம்பில் நின்று விதைப்பித்தேன். வாய்க்கால் தண்ணீரையும் நானே திருப்பினேன். காணி தரிசாய்க் கிடக்கவில்லை என்று யாருக்காவது நீ சொல்ல வேண்டி வந்தால் அதையும் சொல்லு.

அம்மாவாணை என்று எழுதியிருந்தாய். சின்னதில் மாங்காய் களவெடுத்துவிட்டும் நீ அதைத்தான் சொல்வாய். பிறகு சட்டைப் பைக்குள் மாங்காய் இருக்கும். கோபிக்காதே. ஆள் இல்லாத வீட்டில் இப்படியான நினைவுதான் முதலில் வருகிறது.

கமலாசனி


விவசாயப் பாடசாலை விடுதி
8.11.1963

அன்புள்ள மச்சாளுக்கு,

தாள் கிடைத்தது. எழுத்து நல்ல வடிவாய் இருக்கிறது. ஒரேயொரு பிழை. குழை பன்னிரண்டு வண்டில் என்று போட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு இல்லை, இருபத்திரண்டு. நான் திருத்திவிட்டேன்.

இத்துடன் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். காணியில் எனக்கு ஒரு பாத்தியதையும் வேண்டாம், முழுவதும் மச்சாளுக்கே என்று எழுதி, இரண்டு சாட்சி வைத்து ஒப்பமிட்டிருக்கிறேன். கிளிநொச்சிக்குப் போய்க் காணிக் கந்தோரில் கொடுங்கள். இனியாவது நிம்மதியாய் இருங்கள்.

பொங்கலுக்கு லீவு தருவார்கள். வரட்டுமா?

உங்கள் அன்பு
யோகலிங்கம்


கண்டாவளை
5.12.1963

சின்னான்,

பஸ் ஏறிப் போய்க் கந்தோரில் உன் தாளைக் கொடுத்தேன். போகும் முன் இளையதம்பி அண்ணைக்குக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். "இந்தக் காலத்திலை இப்பிடியும் ஒரு பெடியனோ?" என்று தலையைச் சொறிந்தார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோசம்தான். உன்னைச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாயும் இருந்தது.

அந்தச் சந்தோசம் இரண்டு நாள் இருந்தது. பிறகு நீ திருத்திய இருபத்திரண்டு வந்து நெஞ்சில் இடறியது.

பன்னிரண்டு என்று நான் பொய்தான் எழுதினேன். மெய்யைச் சொன்னால், இவ்வளவு வேலை தனிப் பொம்பிளையால் ஏலாது என்று நீ கந்தோரில் சொல்லிவிடுவாய் என்ற பயம். இருபத்திரண்டுதான் சரி. ஆனால் குழை வெட்டிய நாட்களில் நீ இங்கே இல்லை. வண்டில் வரவர உன் அண்ணர் படலைக் கட்டையில் கரிக்கோடு போடுவார். அந்தக் கோட்டை அவரும் நானும்தான் எண்ணினோம். செத்தவீடு நடந்த கிழமை பெய்த மழையில் அதுவும் அழிந்துவிட்டது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்படியென்றால் உனக்கு யார் சொன்னது?

பேர்மிற்று வைக்கிற தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே உன் கடிதம் இருந்தது. ஓகஸ்ட் மாதம் ஒன்பதாம் திகதி போட்டது. வாசித்து முடிக்க எனக்கு இரண்டு நாள். நீ எழுதினதை நீ மறந்திருக்க மாட்டாய், என்றாலும் பார்த்து எழுதுகிறேன்.

"அண்ணை, இருபத்திரண்டு வண்டில் தாட்டதாய் எழுதியிருந்தீர்கள். அது காணாது. எங்கள் ஏக்கருக்கு முப்பத்திரண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் மாஸ்டர் என் ஆராய்ச்சியை ஏற்க மாட்டார். இன்னும் பத்து வண்டில் எப்படியாவது பாருங்கள். மச்சாளுக்குச் சொல்ல வேண்டாம், ஏசுவா."

ஏசித்தான் இருப்பேன்.

அன்று விடிய அவர் கத்தியைத் தீட்டினபோது நான் கேட்டேன். "திரும்பவும் எங்கை போறியள்? குழை தாட்டு முடிஞ்சுதெல்லோ?"

"இன்னும் ஒரு பத்து வண்டில் வேணும்."

"எந்த வருசம் நாங்கள் இருபத்திரண்டுக்கு மேலை தாட்டனாங்கள்? ஆர் கேட்டது?"

"வயல்தான் கேட்டது. வேறை ஆர் கேக்கிறது?" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொன்னால் சிரித்துவிடுவார். எனக்கு அன்று அது பிடிபடவில்லை. வேலிக் கரையில் இருந்த சின்ன மரமெல்லாம் வெட்டி மொட்டையாய்ப் போனபடியால்தான் அந்தப் பெரிய வாகையில் ஏறினார். பத்து வண்டில் இல்லாவிட்டால் அதில் ஏற வேண்டிய தேவையே இல்லை.

நீ காணியைப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்க்க ஏலாமல் வரம்பைப் பார்த்திருக்கிறாய். சந்தேகம் சரிதான், நான் வைத்த இடம்தான் பிழை. காணியை நீ அன்பில் விட்டாயா, பயத்தில் விட்டாயா என்று இனி எனக்குத் தெரிய வராது.

நான் சாபம் போடவில்லை. உனக்குச் சோறு தீத்தின கை இது. ஆனால் பொங்கலுக்கு வா என்று எழுத இரண்டு தரம் பேனையை எடுத்தேன். இரண்டு தரமும் திரும்ப வைத்துவிட்டேன்.

உன் ஆராய்ச்சிக்கு வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சாக்குப் பசளைப் பாதி முதலில் மளமளவென்று எழும்பி இப்போது மஞ்சள் தட்டி நிற்கிறது. குழைப் பாதி கரும்பச்சையாய் முழங்காலுக்கு வந்துவிட்டது. வரம்பால் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நான் அந்தப் பக்கம் தண்ணீர் திருப்பப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

புதுத் தாளில் கோடு போட்டு மெய்க் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். குழை இருபத்திரண்டு வண்டில். இருபத்திமூன்றாவதில் அரை வண்டில்தான் ஏற்றியிருந்தார். அந்தக் குழைக்கு மேல்தான் அவரைக் கிடத்தி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிறகு அந்தக் குழையையும் நானே இறக்கி, மிதித்துத் தாட்டேன்.

ஆள் நாள் என்ற கட்டத்தில் அவருக்குப் பதினொரு நாள் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் ஆறு மணிக்கு மரத்தில் ஏறினார். பத்து மணிக்கு முன்னம் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இடத்தை வெறுமையாய் விட்டிருக்கிறேன். மனிதர் படும் பாட்டைக் கணக்கில் சேர்க்கப் படிக்கிறவன் நீ. சொல்லு, சின்னான், அந்த நாளை நான் அரை நாள் என்று போடுவதா, முழு நாள் என்று போடுவதா?