திருப்பாத மீன்

அக்கா,

இன்று பள்ளி விட்டு வரும்போது ஆற்றோரத்திலிருந்து இஞ்சி சுடும் வாசனை வந்தது. கால்கள் தாமாகவே உங்கள் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டன. பாதி வழியில்தான் நினைவு வந்தது, அங்கே இப்போது வேறு குடும்பம் இருக்கிறது என்று. நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. வேலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர்கள் கரியை அவசரப்படுத்துகிறார்கள் அக்கா. இஞ்சி கருகுகிறது. உங்கள் அடுப்பில் அது ஒருநாளும் கருகியதில்லை.

தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வரிசையிலிருந்து தெப்ராவ் ஆறு நடக்கிற தூரம்தான். ஜப்பான்காரர்கள் வந்து தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோனதும், அப்பா அந்த மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டார். கிழங்கைக் கொடுத்துவிட்டு மீன் வாங்கிவர என்னை உங்களிடம் அனுப்புவார்கள். உங்கள் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிட்ட சீன மீனவர், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வலை போடுவார். பிடித்ததில் பெரும்பங்கை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் உங்களுக்கும் எங்களுக்கும்.

நான் மீனை வாங்கியதும் வீடு திரும்ப வேண்டியவள். ஆனால் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பேன். அம்மா திட்டுவார்: "ஏண்டி, கெழங்கு கொடுக்கப் போனவ அங்கயே குடித்தனம் வச்சிட்டியா?" நீங்களோ என் எழுத்தை எட்டிப் பார்த்து, "இது என்ன? மீன் முள்ளு மாதிரி இருக்கு," என்று தமிழ் எழுத்தைக் கேலி செய்வீர்கள். உங்களுக்கும் என் அக்காவுக்கும் ஒரே வயதுதான். ஆனால் என் அக்காவுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

எங்கள் வீட்டில் மீன் என்றால் துண்டு துண்டாகி, மஞ்சள் பூசிக்கொண்டு, புளிக் குழம்பில் விழ வேண்டியதுதான். நீங்கள் கொடுவா மீனின் தலையையும் வாலையும் தொடவே மாட்டீர்கள். செதில் நீக்கி, வயிற்றைச் சிறிதாகக் கீறிக் குடலை எடுத்து, இரண்டு பக்கமும் மும்மூன்று சாய்வான கீறல் போடுவீர்கள். கடல்நீரைக் காய்ச்சி நீங்களே எடுத்த சாம்பல் நிற உப்பைக் கீறலுக்குள் விரலால் தேய்ப்பீர்கள். பிறகு மீனை வாலில் கட்டிக் காற்றில் தொங்கவிட்டு, அதை மறந்தவர்போல வேறு வேலைக்குப் போய்விடுவீர்கள்.

"பசிக்குதுக்கா. இன்னும் எவ்ளோ நேரம்?"

"ஈர மீன் நெருப்புல அவியும் லா, சுடாது. பொறு, அடேக்."

அடேக் என்றால் மலாயில் தங்கை. அந்தச் சொல்லுக்காகவே நான் பொறுத்துக்கொள்வேன்.

காய்ந்த மீனின் வயிற்றில் நசுக்கிய இஞ்சியும் வெங்காயத் தாளும் வைத்து, பிளந்த மூங்கிலுக்கு நடுவே கவ்வக் கொடுத்துக் கட்டுவீர்கள். அலையாத்தி மரக்கரி, தீ நாக்கு அடங்கிச் சிவந்து சாம்பல் பூக்கும்வரை மீன் அதன் பக்கம் போகாது. வெங்காயத் தாளின் வேரைத் தேங்காய் எண்ணெயில் தொட்டு, எழுதுவதுபோலத் தோலின்மேல் தடவுவீர்கள். தோல் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும். எண்ணெய் சொட்டும்போது கரி ஒரு முறை சீறும். அந்தச் சீறலைக் கேட்டே எந்தப் பக்கம் வெந்தது என்று சொல்லிவிடுவீர்கள். நான் கண்ணை மூடிப் பலமுறை முயன்றேன். எனக்கு எல்லாச் சீறலும் ஒன்றாகவே கேட்டன.

சுட்டதோடு முடிவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். தட்டையான இரும்புச் சட்டியில் பூண்டும், தௌச்சு என்று நீங்கள் சீனத்தில் சொல்லும் புளித்த சோயா விழுதும், உப்பில் ஊறிய கடுகுக் கீரையும் போட்டு, சர்க்கரைவள்ளி வேகவைத்த நீரை ஊற்றுவீர்கள். அது கொதிக்கும்போது மீனை முழுசாக அதில் படுக்கவைப்பீர்கள். மேல்பக்கம் மொறுமொறுப்பாகவே இருக்கும். கீழ்ப்பக்கம் சாற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரே மீனுக்குள் இரண்டு மீன்! மேல்பக்கத்தைத் தின்று முடித்தபின், வாலைப் பிடித்து நடுமுள்ளை முழுசாகத் தூக்க வேண்டும். அப்போதுதான் அடிச்சதை கிடைக்கும். அதற்கு முன் மீனைத் திருப்பவே கூடாது.

"சாப்பிடும்போது மீனைத் திருப்பினா, கடல்ல போட்டு கவுந்திடும்," என்றீர்கள் முதல் நாளே. போட்டு என்றால் அண்ணனின் படகு.

"அப்ப அடுப்புல திருப்புனீங்களே?"

"அது மூங்கில் திரும்புச்சு. மீன் சும்மா உள்ள படுத்திருந்துச்சு."

வலையை உதறிக்கொண்டிருந்த அண்ணன் உரக்கச் சிரித்தார். "அலமாக்! இந்தப் பொண்ணுகிட்ட மாட்டினே நீ!"

அந்தச் சிரிப்பை நான் கேட்டது அதிக நாட்கள் இல்லை. படகோடு வந்து ஒரு தீவுக்குச் சாமான் ஏற்றிப் போக வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் அவருக்கு உத்தரவு போட்டார்கள். நான்கு நாளில் திரும்பலாம் என்றார்கள். அவர் கிளம்பிய அன்று நண்பகலில் நான் கிழங்கோடு வந்தேன். நீங்கள் மீனைச் சட்டியில் படுக்கவைத்துவிட்டு, "தண்ணி எடுத்துட்டு வரேன், நீ சாப்பிடு," என்று கிணற்றுக்குப் போனீர்கள்.

இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. முந்திய நாளிலிருந்து கிழங்குக் கஞ்சியைத் தவிர நான் எதையும் தின்றிருக்கவில்லை. மேல்பக்கத்தைத் தின்று முடிக்கும்வரை சாறு ஊறிய அடிச்சதைக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை. இரண்டு விரலால் மீனைத் திருப்பினேன். உள்ளங்கை அளவு பிய்த்து விழுங்கினேன். மறுபடி பழையபடியே படுக்கவைத்து, திருப்பியதில் கிழிந்த மேல்தோலை வெங்காயத் தாளால் மூடினேன். நீங்கள் வந்து, சாப்பிட்டு, முள்ளைத் தூக்கியபோது அடியில் பள்ளம் இருந்தது. "இங்க எலி வந்துச்சா?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

நான்கு நாள் போனது. நாற்பது நாளும் போனது. கூடப் போன ஒரு படகு மட்டும் திரும்பியது. அண்ணனின் படகை ஜப்பான்காரர்கள் இன்னும் தெற்கே கூட்டிப்போனார்கள் என்றார்கள். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை.

நான் உங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டேன். "என்னடி, இப்ப அங்க போக காலு வலிக்குதா? முன்னெல்லாம் கட்டி இழுத்தாலும் வரமாட்டே," என்றார் அம்மா. செத்த மீன் எங்கோ மிதக்கும் படகைக் கவிழ்க்க முடியாது என்று நோட்டில் காரணம் காரணமாக எழுதினேன். காற்று, அலை, பாரம், ஓட்டை, எல்லாம் எழுதினேன். படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் இரண்டு விரலிலும் மீனின் கனம் போகவில்லை.

ஒரு பிற்பகலில் படகுத்துறையில் நீங்கள் வலை தைத்துக்கொண்டிருந்தபோது வந்து சொல்லிவிட்டேன்.

"அக்கா, அண்ணன் போன அன்னிக்கு நான் மீனைத் திருப்பிட்டேன்."

ஊசி நின்றது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தீர்கள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு வலையை மடித்து வைத்துவிட்டு, "வா," என்றீர்கள்.

அன்று பக்கத்துப் படகுக்காரர் கொடுத்த சின்ன மீன் ஒன்று இருந்தது. ஒரு வேலையையும் நீங்கள் குறைக்கவில்லை. கீறினீர்கள், உப்புத் தேய்த்தீர்கள், காற்றில் தொங்கவிட்டீர்கள், கரி பூக்கக் காத்திருந்தீர்கள். ஜாடியின் அடியில் ஒட்டியிருந்த தௌச்சையும் வழித்துப் போட்டீர்கள். சட்டியை எனக்கும் உங்களுக்கும் நடுவே வைத்தீர்கள். பிறகு சாப்பிடும் குச்சிகளை மீனுக்கு அடியில் கொடுத்து, அதைத் திருப்பிப் போட்டீர்கள். சாறு தெறித்தது.

"நீ திருப்பினே. நானும் திருப்பினேன். இப்போ யாரு தப்பு?"

தெறித்த சாற்றை விரலால் துடைத்தேன்.

"சொல்லு லா. பள்ளிக்கூடம் எல்லாம் போற."

"தெரியலக்கா."

"தெரியலன்னா சாப்பிடு."

அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான மீனை அதற்கு முன்னும் பின்னும் நான் தின்றதில்லை என்று சொல்வது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அது உண்மை.

நீங்கள் நம்பிக்கையை விட்டுவிட்டதால்தான் திருப்பினீர்கள் என்று அப்போது நினைத்தேன். ஆனால் அன்று மாலையும் வழக்கம்போல அவருக்காக விளக்கோடு படகுத்துறைக்குப் போனீர்கள். மறுநாளும் போனீர்கள். அவர் வருவார் என்று நம்பிக்கொண்டே, திருப்பினால் படகு கவிழும் என்றும் நம்பிக்கொண்டே, எனக்காகத் திருப்பியிருக்கிறீர்கள். புத்தகங்களில் எத்தனையோ தைரியசாலிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவர்களில் யாரும் தங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே காவலை எடுத்து, பக்கத்து லயத்துப் பெண்ணின் பயத்துக்குக் கொடுத்ததாக நான் படித்ததில்லை.

மழைக்காலத்தில் உங்களுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. கொயினா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. அம்மா நிலவேம்பு காய்ச்சிக் கொடுத்தார், நான் விசிறினேன். கடைசி இரண்டு நாள் படகுத்துறைக்குப் போக முடியாமல் கதவைத் திறந்துவைக்கச் சொன்னீர்கள்.

இப்போது பள்ளி விட்டதும் நான் படகுத்துறைக்குப் போகிறேன். அண்ணன் வந்தால் யாராவது இருக்க வேண்டும். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும், அழுதுகொண்டே பேசினால் அதுவும் புரியாது. அதனால் சொல்ல வேண்டியதை மலாயில் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன். நடக்கும்போதெல்லாம் மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன், மறந்துவிடக் கூடாது என்று:

தியாப் ஹாரி டியா துங்கு. தினமும் அவள் காத்திருந்தாள்.