கரட்டில் நீ வைத்த வெள்ளைக் கற்கள்

இன்று காலை எங்கள் அலுவலக வாசலில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரி ஒருவர் வருகிறாராம், பாதையோரக் கற்களுக்கு வெள்ளை அடிக்க வேண்டுமாம். அந்த வாடை மூக்கில் ஏறியதும், எழுதிக்கொண்டிருந்த நிலக் கணக்கான அடங்கலை மூடி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். நம் வி.ஏ.ஓ.வுக்கு என்ன ஆயிற்று என்று உதவியாளர் நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

பஸ் கண்டக்டர் வேலையில் வார விடுமுறை கிடைத்தால் மற்றவர்கள் தூங்குவார்கள். என் சிநேகிதன் நீயோ பாப்பாரப்பட்டிக்கு மேற்கே இருக்கிற கரட்டில், அந்தச் சின்னப் பாறைக்குன்றில், ஏறிவிடுவாய். ஆடு மேய்ப்பவர்கள் உப்பு தொட்டுத் தின்கிற சாதாரணக் கள்ளிமுளையான் இல்லை, அதற்குப் பங்காளி முறையான ஓர் அபூர்வ ரகம் அங்கே இருந்தது. சாண் உயரத் தண்டு, இலை கிடையாது, கருஞ்சிவப்பாய் ஒரு பூ, அதில் ஈ மொய்க்கும். முதல் தடவை கிளுவைப் புதருக்கு அடியில் அதைக் காட்டினாய். "இதுக்கா என் ஞாயித்துக்கிழமையக் கெடுத்த?" என்றேன். "மோந்து பாருப்பா, ரெண்டு நாள் வெச்ச கறி வாடை அடிக்கும்" என்று என் தலையைப் பிடித்து அமுக்கினாய். இரண்டு பேரும் தும்மிக்கொண்டே இறங்கினோம்.

தாவர ஆய்வாளர்கள் போட்ட, அழிந்துவரும் செடிகளின் பட்டியல் ஒன்று வந்தது. அதில் இந்தச் செடிக்கு நேராக, தர்மபுரி மாவட்டத்தில் இருப்பதாகத் தகவல் இல்லை என்று போட்டிருந்தார்கள். அன்றைக்கு நீ கொதித்த கொதிப்பை நான் மறக்கவில்லை. "தகவல் இல்லையாம். அப்ப வாரா வாரம் நான் என்னத்த எண்ணிக்கிட்டு இருக்கேன்?" இங்கே இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் போட்டாய். நேரில் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் வரும்போது தேட வேண்டாமே என்று ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒரு கல் வைத்து, சுண்ணாம்பு அடித்தாய். வாளியைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வந்தவன் நான்.

அவர்களுக்கு முன்னால் மரம் நடுகிறவர்கள் வந்தார்கள். அந்தக் கரடு கணக்கில் கல்லாங்குத்துப் புறம்போக்கு, அதாவது பயிர் ஏறாத கல் நிலம், அரசாங்கத்துடையது. உசிலையும் சூரையும் கிளுவையும் அடர்ந்து நிற்கிற இடத்தை, காலி இடம், ஒன்றும் விளையவில்லை என்று வருடா வருடம் எழுதியவன் நான்தான். மரம் நட இடம் கேட்டபோது அதே கணக்கைப் பார்த்துக் கையெழுத்தும் போட்டேன். புதரெல்லாம் மண்டிக் கிடக்கிறது, பசுமையாக்கப் போகிறோம் என்றார்கள். புதர் என்ன நிறத்தில் இருந்ததாம்?

செய்தி கேட்டு நாம் ஓடிப் போனபோது குழி தோண்டும் டிராக்டர் கரட்டின் மறுபக்கம் போயிருந்தது. ஓட்டுநர் பாவம், நல்ல பிள்ளை. இறங்கி வந்து சொன்னார்: "வெள்ளை மார்க் பண்ணி வெச்சிருக்காங்க, அங்கதான் தோண்டணும்னு சொன்னாங்க சார். கல்லப் பாத்துப் பாத்துத்தாங்க தோண்டுனேன்."

ஒரு கல்லையும் அவர் விடவில்லை. நீ குழிக்குக் குழி குனிந்து பார்த்துவிட்டு வந்தாய். "நானே காட்டிக் குடுத்துட்டேனேப்பா" என்றாய். என் கையெழுத்தைப் பற்றி அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நட்ட கன்றுகள் சித்திரையைத் தாண்டவில்லை, திறப்பு விழாப் பலகை மட்டும் நிற்கிறது. ஆடியில் நீயும் போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். எனக்கு வேறு மாதிரித்தான் தோன்றுகிறது.

ஐப்பசி மழைக்குப் பிறகு தனியாக ஏறினேன். கிழக்குச் சரிவில், கை நுழைய முடியாத சூரை முள்ளுக்குள் மூன்று செடிகள் பூத்திருந்தன. நீகூடப் பார்க்காதவை. முள் கிழித்த கையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

போன வாரம் பட்டியல்காரர்கள் வந்தார்கள், உன் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு. இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. செடி இருப்பது உறுதியானால் கம்பிவேலி போடுவோம், பலகை வைப்போம், பார்க்க வருகிறவர்களுக்குப் பாதை போடுவோம் என்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். குழி தோண்டியவர்களும் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள்.

"செடி ஏதாச்சும் மிச்சம் இருக்குங்களா சார்?" என்று கேட்டார் ஒருவர்.

"இல்லைங்க. எல்லாம் போயிடுச்சு."

"அப்ப இந்த மாவட்டத்துல அழிஞ்சிடுச்சுன்னு எழுதிக்கறோம்ங்க."

"எழுதிக்கங்க" என்றேன்.

நீ கேட்டது ஒரே ஒரு வரி. அதை வரவிடாமல் செய்தவன் நான். என் சட்டையைப் பிடித்து உலுக்க நீ இல்லை. நாளைக்கு வேறு யாராவது வந்து கேட்டாலும், இல்லை என்றுதான் சொல்வேன்.